ஜாதகம் பார்த்து வாங்கிய ஹப்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் சாத்தினால் ஊரே நிற்கும். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்த ஐப்பசியில் கேட் திறந்த பிறகும் ஊர் நகரவில்லை. கேட்டை ஒட்டியிருந்த கல்யாண மண்டபத்து வாசலில் ஆளுயர பேனர் ஒன்று கட்டியிருந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி நின்று படித்தார்கள்.

"கம்ப்யூட்டருக்கும் கிரகம் உண்டு! மின்கிரக ஜோதிட ரத்னா சிங்காரவேலு நேரில் வருகிறார். உங்கள் கம்ப்யூட்டருக்கு ஜாதகம் கணித்து, ராசிக்குப் பொருத்தமான ஹப் வழங்குகிறார். பிரிண்டர் தோஷம், ஸ்கேனர் சாபம், நெட் கட்டு அனைத்தும் நீங்கும். ஐந்து நாட்கள் மட்டும்."

படத்தில் சிங்காரவேலு நெற்றி நிறைய விபூதி பூசி, கழுத்தில் ருத்திராட்சத்தோடு ஒரு கறுப்பு வயரையும் மாலையாகப் போட்டிருந்தார். 'நெட் கட்டு' என்பதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தவர்கள் உண்டு. சிரித்து முடித்துவிட்டு உள்ளே போய் டோக்கன் வாங்கினார்கள்.

கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். ஜெராக்ஸ் கடைக்காரர்கள், ஸ்டுடியோக்காரர்கள், நெல் மண்டிக்காரர்கள், டைப்பிங் சென்டர் வைத்திருப்பவர்கள். முன்பெல்லாம் கம்ப்யூட்டர் பீரோ மாதிரி இருக்கும், யாரும் தூக்க முடியாது. இப்போது வருவது டிபன் டப்பா அளவுதான். அதனால் ஆளுக்கொரு கம்ப்யூட்டரை மஞ்சள் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மொட்டை அடிக்கக் குழந்தையைக் கொண்டுவந்தவர்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். இங்கேயும் மொட்டைதான், குழந்தைக்கு இல்லை.

வியாழக்கிழமை காலை நாற்பத்தேழாவது டோக்கனோடு அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தான் இளம்பரிதி.

இளம்பரிதிக்கு முப்பத்தாறு வயது. கேட்டுக்கு நேர் எதிரே 'பகலவன் கம்ப்யூட்டர் சென்டர்' அவனுடையது. பேர்களைக் கேட்டாலே தெரிந்திருக்கும், அப்பா கறுப்புச் சட்டைக்காரர். வீரையன் என்று பேர். அந்தக் காலத்தில் வீட்டு விசேஷத்தையெல்லாம் தேடிப் பிடித்து ராகு காலத்தில் வைப்பார். மகனுக்கு ஜாதகமே எழுதவில்லை. பிறந்த நேரம் கேட்டு வந்தவரிடம், "பசி நேரத்துல பொறந்தான், உடனே அழுதான், எழுதிக்கய்யா" என்று சொல்லி அனுப்பியவர். இப்போது கடைச் சுவரில் படமாக இருக்கிறார். படத்துக்கு மாலை போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதால், மாலையில்லாமல் மகனை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

மகனும் எதையும் நம்பாதவன்தான். ஆனால் அவனிடம் ஒரு வாசகம் உண்டு: "எதுக்கும் இருக்கட்டும்." கடை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். நம்பிக்கையா? சேச்சே, எதுக்கும் இருக்கட்டும். புது மானிட்டருக்குக் குங்குமம் வைப்பான். நம்பிக்கையா? அட போங்க, எதுக்கும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் இந்த இரண்டு வார்த்தையை மட்டும் தடை செய்துவிட்டால் பாதி ஜோதிடர்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

அவனுக்கு வந்த கஷ்டம் இதுதான். பழைய கம்ப்யூட்டர் போன மழையில் ஒழுகி நனைந்து செத்துப்போனது. புதிதாக ஒரு சின்னப் பெட்டி வாங்கினான். மேசையில் இடம் மிச்சம், இன்வெர்டரும் தாக்குப் பிடிக்கும். எல்லாம் சரி. ஆனால் அதில் வயர் சொருக இரண்டே இரண்டு வாய்தான். அவனுக்கு மாட்ட வேண்டியது எட்டு: கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர், கேமரா, ஹார்டு டிஸ்க், நெட் வில்லை, ஆதாருக்கு விரல் வைக்கும் மெஷின். ஒரு வாயை ஏழு வாயாகப் பிரித்துக் கொடுக்கும் பட்டைப் பெட்டி ஒன்றை, அதுதான் ஹப், தஞ்சாவூரில் மலிவாகப் பார்த்து வாங்கி வந்தான்.

வேலை செய்தது. ஆனால் ஸ்கேனரில் விளக்கு எரிந்தால், விரல் மெஷினில் விளக்கு அணையும். விரல் மெஷினைப் பிடுங்கிச் சொருகினால் ஹார்டு டிஸ்க் 'டொக்'கென்று நிற்கும்.

இதுவும் எப்போது? சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவு நடக்கும் வாரத்தில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு பதிவு மூடிவிடும். நிலத்துக்கான சிட்டா, அடங்கல், பேங்க் பாஸ்புக் மூன்றையும் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டே விரலும் வைக்க வேண்டும். இவன் கடையில் ஒன்று நடந்தால் இன்னொன்று நடக்காது. வந்தவர்கள் திட்டிவிட்டு மன்னார்குடிக்கு பஸ் ஏறினார்கள்.

செவ்வந்தி மட்டும் பஸ் ஏறவில்லை. வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமத்துக்காரர். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அதில் சம்பா நட்டிருந்தார். போன வருஷம் வேறொரு சென்டரில் இதே மாதிரி மெஷின் மக்கர் பண்ணி, பதிய முடியாமலே கடைசி நாள் முடிந்துபோனது. கார்த்திகை மழையில் பயிர் முழுக்க மூழ்கி அழுகியது. பக்கத்து வயல்காரர்களுக்கெல்லாம் இழப்பீடு வந்தது, அவருக்குக் காலணா வரவில்லை. இந்த வருஷமும் வானம் அதே மாதிரி கறுத்துக்கொண்டு நின்றது. மூன்று நாளாக பஸ் பிடித்து வந்து, பையில் அடங்கலை வைத்துக்கொண்டு கடை பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினார்.

"தம்பி, எனக்கு உன் மெஷினைப் பத்தி எதுவும் தெரியாது. இந்த வருஷம் பதியலைன்னா நானும் எம்மவளும் நிலத்தை வித்துட்டுத்தான் போகணும். அதைமட்டும் நெனப்புல வச்சுக்க" என்றார் புதன்கிழமை.

மறுநாள் விடிந்ததும் கம்ப்யூட்டரையும் ஹப்பையும் பையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டான்.

பக்கத்துக் கடை ஜஸீலா செல்போன் ரிப்பேர் பார்க்கிறவள். அவள் அதற்கு முன்பே சொல்லியிருந்தாள்.

"அண்ணே, எத்தனை வாய் இருக்குன்னு பார்த்து வாங்கிட்டீங்க. எது எது கரண்டு இழுக்குதுன்னு பார்த்தீங்களா? கீபோர்டு, மவுஸெல்லாம் ஒண்ணும் இழுக்காது. ஸ்கேனரும் ஹார்டு டிஸ்க்கும்தான் இழுக்கும். அந்தக் குட்டிப் பெட்டியோட ஒரு வாயிலேருந்து வர்ற கரண்டு இத்தனைக்கும் எப்படிப் பத்தும்? தனியா அடாப்டர் போட்டு, சுவத்து பிளக்குலேருந்து கரண்டு எடுக்குற ஹப்பா வாங்குங்க. ஒரு நாள் வேலை."

இளம்பரிதி தலையாட்டினான். மனசுக்குள், 'சார்ஜர் விக்கிற பொண்ணு, அப்படித்தான் சொல்லும்' என்று நினைத்துக்கொண்டான். ஜஸீலா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். காசு வாங்காமல் சொல்லிவிட்டாள். விபூதியும் பூசிக்கொள்ளவில்லை.

நாற்பத்தேழு என்று கூப்பிட்டார்கள்.

மணமேடையில், மாப்பிள்ளை உட்கார வேண்டிய நாற்காலியில் சிங்காரவேலு உட்கார்ந்திருந்தார். முன்னால் மஞ்சள் பட்டு விரித்த மரப்பீடம். பக்கத்தில் பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு நிறக் கயிறு கட்டிய ஹப் பெட்டிகள். உர மூட்டை மாதிரி அடுக்கியிருந்தன.

"கம்ப்யூட்டர் எப்ப ஜனிச்சுது?"

"வாங்குன தேதியா சாமி?"

"வாங்குறது ஜனனம் ஆகுமாப்பா? முதல் முதல்ல சுவிட்சு போட்ட நேரம்."

இளம்பரிதி யோசித்தான். தன் பிறந்த நேரமே தெரியாதவன். "செவ்வாய்க்கிழமைங்க. கேட் சாத்தியிருந்துச்சு."

சிங்காரவேலு விரல்விட்டு எண்ணினார். கண்ணை மூடினார். "லக்னத்துல கீபோர்டு, நல்லா இருக்கு. ஏழுல மவுஸ், குடும்பத்துக்கு ஏத்தது. ஆனா ஆறுல ஸ்கேனர் உக்காந்திருக்கான், எட்டுல விரல் மெஷின். ரெண்டு பேருக்கும் ஜென்மப் பகை. ஒருத்தன் கண்ணைத் தொறந்தா இன்னொருத்தன் கண்ணை மூடுவான். சரியா?"

இளம்பரிதிக்குப் புல்லரித்துவிட்டது. இதை அவன் இவரிடம் சொல்லவே இல்லையே! பத்து நிமிஷத்துக்கு முன்னால் டோக்கன் கொடுத்த பெண், "உங்க கம்ப்யூட்டருக்கு என்ன சார் பிரச்சினை?" என்று கேட்டு, அவன் ஒன்றுவிடாமல் சொல்ல, அதை ஒரு சீட்டில் எழுதி உள்ளே அனுப்பியது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. புல்லரிக்கும்போது ஞாபகம் வேலை செய்யாது போலிருக்கிறது.

"இப்ப பாரு" என்றார் சிங்காரவேலு. இளம்பரிதியின் பழைய ஹப்பை பீடத்தில் வைத்து, மேடையில் இருந்த ஸ்கேனர், கேமரா, ஹார்டு டிஸ்க், விரல் மெஷின் எல்லாம் மாட்டினார். ஸ்கேனர் எரிந்தது, விரல் மெஷின் அணைந்தது. கூட்டம் 'உச்' கொட்டியது. அதை எடுத்துவிட்டு, சிவப்புக் கயிறு கட்டிய தன் ஹப்பை அதே பீடத்தில் வைத்தார். மந்திரம் முணுமுணுத்துக்கொண்டே அதன் பக்கவாட்டில் குங்குமம் வைத்தார். எல்லாவற்றையும் மாட்டினார். எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தன!

மண்டபமே கை தட்டியது. முன்வரிசையில் இருந்த ஸ்டுடியோ மருதையன் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். உரக்கடை மீரா சாகிப்புக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம். "நமக்கு இந்த ராசி, கட்டமெல்லாம் ஒத்து வராதே" என்றார். அவருக்கு ராசி வேண்டாம், பேர் எழுத்தை எண்ணியே ஹப் தரலாம் என்று சிங்காரவேலு பெரிய மனசு பண்ணினார். ஏமாற்றுகிறவர்கள் எந்த மதத்தையும் ஒதுக்கிவைப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் நம்மைவிட அவர்கள் மேல்.

இளம்பரிதியின் பெட்டிக்குக் கன்னி ராசி, பச்சைக் கயிறு. விலை, கடையில் விற்பதைப்போல் பத்து மடங்கு. ஹப்பின் பக்கவாட்டில் தங்க நிறத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, மேலே குங்குமம் அப்பியிருந்தது.

"இது நெற்றிக்கண். இதை மட்டும் தொடாதே. தொட்டா கம்ப்யூட்டர் பொசுங்கிடும்."

"தொடவே மாட்டேன் சாமி" என்றான் வீரையன் மகன்.

கடைக்கு வந்து மாட்டினான். ஸ்கேனர் எரிந்தது. விரல் மெஷின் அணைந்தது. அப்பா முறைத்தார்.

சிங்காரவேலுவுக்கு போன் போட்டான். "எந்தத் திசை பார்த்து வச்சே?" என்றார். "கேட்டைப் பார்த்துங்க." "அடடா! ரயில் இரும்பு, இரும்பு சனி. பூம்புகார்ல காவிரி கடல்ல கலக்குற இடத்து மண்ணு பொட்டலம் இருக்கு. ஆளை அனுப்பு. ஹப்புக்கு அடியில பரப்பி வை."

மண் வந்தது. பரப்பினான். மண்ணோடு வந்த எறும்புகள் கீபோர்டுக்குள் குடிபோனதுதான் மிச்சம். மறுபடி போன்.

"அப்ப பகை முத்திப்போச்சுப்பா. சக்திக் கவசம்தான் கட்டணும். சிவப்புப் பட்டுல சுத்தியிருக்கும். ஹப்பைவிட விலை மூணு மடங்கு. நானே வந்து நெற்றிக்கண்ணைத் தொறந்து கட்டினா, அப்புறம் வாழ்நாளுக்கும் தொல்லை இல்லை. நாளைக்கு ரெண்டே முக்காலுக்கு மண்டபத்துக்கு வா."

இதுதான் ஆளுடைய சாமர்த்தியம். முதலில் கொடுத்தது பலிக்கவில்லை என்றால் கோபம் வரவேண்டும் அல்லவா? நம் ஆட்களுக்கு பக்தி வரும்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குச் செவ்வந்தி வந்தார். தூறலில் நனைந்து, பையை மட்டும் நனையாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு.

"ஆச்சா தம்பி?"

"இல்லக்கா. சாமி சக்திக் கவசம் தர்றேன்னாரு. ரெண்டே முக்காலுக்குத்தான் நல்ல நேரமாம்."

"அஞ்சு மணிக்கு மூடுறான் கவருமெண்டு. ரெண்டே முக்காலுக்கு நேரம் பாக்குறாரா உன் சாமி?" செவ்வந்தி எழுந்து சேலையை இடுப்பில் செருகினார். "வா, நானும் வர்றேன். என் பயிரு யாரு கையில இருக்குன்னு நானும் பாக்கணும்ல." இளம்பரிதி பச்சைக் கயிறு ஹப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மண்டபத்தில் அன்றைய செய்முறை நடந்துகொண்டிருந்தது. சிவப்புக் கயிறு ஹப், பீடம், குங்குமம், எல்லா விளக்கும், கைதட்டல். எல்லாரும் விளக்கைப் பார்த்தார்கள். செவ்வந்தி முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து பீடத்தின் அடியைப் பார்த்தார். கடைமடைக்காரர் இல்லையா? தண்ணீர் வந்தால் எங்கேயிருந்து வருகிறது, வராவிட்டால் எவன் அடைத்தான் என்று பார்த்தே பழகிய கண்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"இந்தப் பெட்டியை அந்தப் பலகையிலேருந்து எடுத்து, தோ இந்த பிளாஸ்டிக் நாற்காலியில வச்சு எரிய விடுங்களேன், பாப்போம்."

சிங்காரவேலு சிரித்தார். "பீடத்துக்கு லட்சத்தெட்டு தடவை உரு ஏத்தியிருக்கும்மா. நாற்காலியில எப்படி?"

"சரிங்கய்யா. வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல பீடமா இருக்கு? மேசைதானே இருக்கு. நாற்காலியில எரியாதது மேசையில எப்படி எரியும்?"

மருதையனுக்கு வந்ததே கோபம். "ஏம்மா, சாமியைச் சோதிக்கலாமா?"

"ஏன்யா, வெத நெல்லையே உப்புத் தண்ணியில கொட்டி, மெதக்குதா முழுகுதான்னு சோதிச்சுத்தான் வெதைக்கிறோம். வயித்துக்குச் சோறு போடுற நெல்லையே சோதிக்கலாம், இந்த டப்பாவைச் சோதிக்கக்கூடாதா?"

கூட்டத்தில் பாதிப் பேர் விவசாயம் பார்க்கிறவர்கள். "அதானே, வைங்க சாமி" என்று குரல்கள் வந்தன. சிங்காரவேலு வேறு வழியில்லாமல், குங்குமம் எடுப்பது போல ஹப்பின் பக்கவாட்டைத் தடவி, தூக்கி நாற்காலியில் வைத்தார். எல்லாம் மாட்டினார். ஸ்கேனர் எரிந்தது. விரல் மெஷின் அணைந்தது.

"பார்த்தீங்களா!" என்று கையை விரித்தார். "எல்லாம் பீடத்தோட மகிமை!"

நீங்கள் நம்பமாட்டீர்கள், இதற்கும் நாலு பேர் கை தட்டினார்கள்.

செவ்வந்தி தட்டவில்லை. "அப்படின்னா, தம்பி, உன் பச்சைக் கயிறு பெட்டியை எடுத்து அந்தப் பீடத்துல வை. மகிமை பீடத்துக்குன்னா உன்னுதும் எரியணும்."

இளம்பரிதி ஹப்பைப் பையிலிருந்து எடுத்தான். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று சொல்ல வாயெடுத்தான், எதுக்கு என்று தெரியாமல் மூடிக்கொண்டான். சிங்காரவேலு தடுப்பதற்குள் தன் ஹப்பை பீடத்தில் வைத்து எல்லாவற்றையும் மாட்டினான். ஸ்கேனர் எரிந்தது. விரல் மெஷின் அணைந்தது.

"பெட்டி தனியா எரியலை. பீடமும் தனியா எரிய வைக்கலை" என்றார் செவ்வந்தி. "அப்ப ரெண்டுக்கும் நடுவுல வேற என்னமோ இருக்கு."

எழுந்தார். மஞ்சள் பட்டை ஒரே இழுப்பாக இழுத்தார்.

பட்டின் நடுவில் சின்னக் கிழிசல். அதற்கு நேர் கீழே பீடத்தில் ஓர் ஓட்டை. ஓட்டையிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு வயர் எட்டிப் பார்த்தது. குங்குமம் வைக்கிற சாக்கில் இதைத்தான் ஹப்பில் சொருகியிருக்கிறார். செவ்வந்தி பீடத்தைக் கவிழ்த்தார். உள்ளே கறுப்பாக ஓர் அடாப்டர். அதிலிருந்து போன வயர், மேடைக் கம்பளத்துக்கு அடியில் ஓடி, சுவர் பிளக்கில் போய் நின்றது.

"கள்ளக் குழாய்!" என்றார் செவ்வந்தி. "கரைக்கு அடியில குழாயைப் பொதைச்சு அடுத்தவன் தண்ணியை இழுக்குறவங்களை வருஷா வருஷம் புடிக்கிறேன். அவங்க மேல வைக்கோலைப் போட்டு மூடுவாங்க. நீங்க பட்டு போட்டு மூடியிருக்கீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

இளம்பரிதிக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி ஜஸீலா சொன்னது ஞாபகம் வந்தது. தன் ஹப்பை எடுத்தான். நெற்றிக்கண் ஸ்டிக்கரில் நகத்தை வைத்தான். ஒரு நொடி அப்பா முகம் கண்ணுக்குள் வந்துபோனது. பிய்த்தான். கம்ப்யூட்டர் பொசுங்கவில்லை. உள்ளே வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது. பீடத்து வயரை உருவி அதில் சொருகினான், கச்சிதமாகப் பொருந்தியது. ஹப்பை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து எல்லாவற்றையும் மாட்டினான். எல்லா விளக்கும் எரிந்தன. மந்திரம் இல்லாமல், குங்குமம் இல்லாமல், கன்னி ராசியில்.

"இது அடாப்டரோட விக்கிற ஹப்புங்க" என்றான் கூட்டத்தைப் பார்த்து. "அட்டைப்பெட்டியிலேருந்து அடாப்டரை உருவிட்டு, ஓட்டையை ஸ்டிக்கர் போட்டு மூடி நமக்கு வித்திருக்காரு. அப்புறம் அதே அடாப்டரைச் சிவப்புத் துணியில சுத்தி, சக்திக் கவசம்னு மறுபடியும் விக்கிறாரு."

"ஒத்த வாய்க்கால்ல ஏழு மடையைத் தொறந்தா கடைமடைக்குத் தண்ணி எப்படி வரும்?" என்றார் செவ்வந்தி. "இந்த அடாப்டரு பெட்டிக்குன்னு தனியா ஒரு போரு போட்ட மாதிரி. சரிதானே தம்பி?"

"சரிதாங்கக்கா."

மூன்று நாளாக மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது உடனே புரிந்தது. முறைத் தண்ணீருக்கு அரை மணி குறைந்தால் வரப்பில் நின்று சண்டை போடுகிற ஜனங்கள். புரிந்த வேகத்தில் மேடையைத் திரும்பிப் பார்த்தால், மாப்பிள்ளை நாற்காலி காலி. சிங்காரவேலு சமையற்கட்டு வழியாகப் போய் வேனில் ஏறியிருந்தார்.

துரத்த இளம்பரிதிக்கு நேரமில்லை. ஹப்பையும் அடாப்டரையும் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மணி மூன்றே முக்கால். செவ்வந்தி பின்னாலேயே ஓடிவந்தார். கடையில் மாட்டி முடித்து, பதிவுப் பக்கத்தைத் திறக்க நெட் சுற்றிக்கொண்டு நின்றது. நாலு பத்து. சிட்டாவை ஸ்கேனரில் வைத்தான். வெள்ளை விளக்கு ஓடியது. விரல் மெஷினின் சிவப்பு விளக்கு அசையாமல் நின்றது. அடங்கல் ஏறியது. பாஸ்புக் ஏறியது.

"விரல் வைங்கக்கா."

வைத்தார். 'பொருந்தவில்லை' என்றது. நாற்று பறித்து, களை பிடுங்கித் தேய்ந்த விரல். மறுபடி வைத்தார். 'பொருந்தவில்லை.' செவ்வந்தியின் முகம் வெளிறிப்போனது. போன வருஷமும் இந்தக் கட்டத்தில்தான் நின்றது. இளம்பரிதி மெஷின் கண்ணாடியைத் துடைத்தான். அவர் கையைத் துண்டால் ஈரம் போக ஒற்றினான். "அவசரமில்லக்கா. கட்டைவிரல் வேணாம், நடுவிரலை வைங்க. நல்லா அழுத்தி."

பச்சை டிக் விழுந்தது. பிரிண்டர் ரசீதைத் துப்பியது. மணி நாலு இருபத்தைந்து. செவ்வந்தி ரசீதை இரண்டு கையாலும் வாங்கி, படிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது.

கேட் சாத்தியிருந்தது. ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் நிமிஷ சுத்தமாகத் தெரிந்த சிங்காரவேலுவுக்கு நீடாமங்கலத்தில் கேட் சாத்துகிற நேரம் மட்டும் தெரியவில்லை. முன்னால் லாரி, பின்னால் பஸ், நடுவில் அவர் வேன். கூட்ஸ் வண்டி ஒன்று ஆற அமர இன்ஜினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்துக் கூட்டம் நடந்தே வந்து வேனைச் சுற்றி நின்றுகொண்டது.

யாரும் கை வைக்கவில்லை. மீரா சாகிப் வேன் கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு சாக்கு நிறைய அடாப்டர்கள், சிவப்புத் துணி சுற்றியது பாதி, சுற்றாதது பாதி. "நீங்களே எடுத்துக் குடுங்க ரத்னா" என்றார். சிங்காரவேலு வேன் படியில் உட்கார்ந்து, ரேஷன் கடைக்காரர் மாதிரி ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒன்று வர வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்களில் ஒருவர், "சாமி, மேஷத்துக்கு எந்த அடாப்டர்?" என்று கேட்டதாகவும் சொல்கிறார்கள். நான் ஆச்சரியப்படமாட்டேன்.

தன் கடைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜஸீலாவிடம் இளம்பரிதி போனான்.

"நீ அன்னைக்கே சொன்னே."

"சொன்னேன்ல? அடுத்த தடவை விபூதிக்கும் சேர்த்துக் காசு வாங்கிட்டுச் சொல்றேண்ணே. அப்பவாவது கேப்பீங்க" என்றாள். இளம்பரிதி சிரித்தான், காது வரைக்கும் சூடாகியது. திரும்பி வந்து வாசலில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தான். தூக்கியெறிய மனசு வராமல் சாறு பிழிந்து, ஓடிக் களைத்த செவ்வந்திக்கு ஒரு டம்ளர் கொடுத்தான்.

அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஸ்டுடியோ மருதையன் வந்தார். கையில் அடாப்டர். செவ்வந்தியின் முன்னால் பயபக்தியோடு நீட்டினார். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு அடாப்டரோடு.

"அம்மா, தப்பா பேசிட்டேன். நீங்க தொட்ட பிறகுதான் எல்லாம் எரிஞ்சுது. ஒரு தடவை தொட்டுக் குடுங்கம்மா. எதுக்கும் இருக்கட்டும்."

இளம்பரிதி தலையில் அடித்துக்கொண்டான். செவ்வந்தி டம்ளரைக் கீழே வைத்தார். ரசீதைப் பிளாஸ்டிக் தாளில் மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"வயலுக்குத் தண்ணி வரலைன்னா என்னய்யா பண்றீங்க? மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு வாய்க்கால் கரையோட மூணு மைல் நடந்து போயி, அடைப்பு எங்கன்னு பாக்குறீங்கல்ல? இந்த வயரு அஞ்சடிதான். அவ்வளவு தூரம் நடக்கறதுக்குமா சாமி வேணும்?"